ஆர்மி மெடிக்கலுக்கு முன்னாடி என்னென்ன பாத்துக்கணும்? சேலம் பக்கம் இருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க

தறிவீட்டுப்பையன்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் இளம்பிள்ளை பக்கம், வயசு 19, டிப்ளமோ முடிச்சுட்டேன். ஆர்மில அக்னிவீர் ஜிடி, அதாவது பொதுப்பணி சிப்பாய் வேலைக்கு ஆன்லைன் எக்ஸாம் பாஸ் ஆயிடுச்சு, அடுத்து ஓட்டம், மெடிக்கல் எல்லாம் நடக்கற ரேலி தான், நம்ம மாவட்டம் கோயம்புத்தூர் ஏஆர்ஓ-வுக்கு (ஆர்மி ஆள்சேர்ப்பு ஆபீஸ்) கீழ வர்றதால அட்மிட் கார்டுக்கு காத்துட்டு இருக்கேன். ஓட்டத்துல எனக்கு பயமில்ல, 1.6 கிலோமீட்டர் நல்லா ஓடுவேன், புல்லப்ஸ் 10 வந்துடும், 9 அடி பள்ளமும் தாண்டிடுவேன். மெடிக்கல நினைச்சா தான் ராத்திரி தூக்கமே வரல. எங்க தெருவுல ஒரு அண்ணன் ஓட்டத்துல முதல் குரூப்ல வந்தும் மெடிக்கல்ல அனுப்பிட்டாங்க, என்னண்ணா ஆச்சுன்னு கேட்டா இன்னைக்கு வரைக்கும் வாயே தொறக்க மாட்டேங்கறாரு.

என் சந்தேகம் எல்லாத்தையும் கொட்டிடறேன். முதல்ல காது. வீட்டுலயே தறி ஓடுது, பொறந்ததுல இருந்து அந்த சத்தத்துல தான் இருக்கேன், லீவு நாள்ல நானும் தறி ஓட்டுவேன். இடது காது அப்பப்ப அடைச்ச மாதிரி இருக்கு. அம்மா தேங்காண்ண காய்ச்சி ஊத்துவாங்க, ரெண்டு நாள் சரியாகும் திரும்ப அடைக்கும். அடுத்தது பல்லு, சின்னதுல ஓமலூர் தாண்டி பாட்டி வீட்டுல போர் தண்ணி குடிச்சு வளந்தவன், முன்பல்லுல பழுப்பா கோடு கோடா இருக்கு, அது போக ஒரு கடவாப்பல்லு சொத்தை, பிடுங்கிட்டே போயிடலாமான்னு யோசிக்கறேன். அப்பறம் பாதம், குளிச்சுட்டு ஈரக்காலோட சிமெண்ட் தரையில நடந்தா உள்ளங்கால் முழுசும் பதியுது, வளைவே தெரியல. கோச்சிங்ல கூட படிக்கற ஒருத்தன் மெடிக்கல்ல ஆள் இருக்காரு பணம் குடுத்தா பாத்துக்குவாருன்னு வேற சொல்றான், அப்பா கடன் வாங்கலாமான்னு கேக்கறாரு. தெரிஞ்ச அண்ணன்மார் யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

ஆத்தூர்_முன்னாள்வீரர்:

தம்பி, முதல்ல அந்த பணம் விஷயம். அப்பாகிட்ட இன்னைக்கே சொல்லிடு, ஒத்த ரூபாய் யாருக்கும் குடுக்க வேண்டாம். நான் ஆர்மி மெடிக்கல் கோர்ல நர்சிங் அசிஸ்டெண்டா இருந்து வந்தவன், ரேலி மெடிக்கல்ல டேபிளுக்கு இந்தப்பக்கம் நின்னவன். பணம் வாங்கறவன் ஒண்ணுமே பண்ண மாட்டான் தம்பி, 10 பேருகிட்ட வாங்குவான், அதுல தானா பாஸ் ஆகற 4 பேரு காசை வச்சுக்குவான், மீதி பேருக்கு போன் எடுக்க மாட்டான். கடன் வாங்கி ஏமாந்த குடும்பங்கள நம்ம ஊர் பக்கமே பாத்திருக்கேன், வயிறு எரியுது. அந்த காசுல பத்துல ஒரு பங்கு இருந்தா போதும் நீ கேட்ட அத்தனையும் முன்கூட்டியே டாக்டர்கிட்ட காட்டி சரி பண்ணிக்கலாம், ஜிஹெச்-ல காட்டினா அது கூட செலவில்ல.

இப்ப காதுக்கு வர்றேன், உனக்கு முக்கியமானது இது தான். டாக்டர் டார்ச் மாதிரி ஒரு கருவிய காதுக்குள்ள வச்சு செவிப்பறைய பாப்பாரு. அழுக்கு அடைச்சிருந்தா செவிப்பறை தெரியாது, தெரியலன்னா அவரால ஃபிட்டுன்னு எழுத முடியாது, அவ்வளவு தான் விஷயம். அதனால தான் நோட்டிஃபிகேஷன்லயே காது அழுக்கு எடுத்துட்டு பல்லு க்ளீன் பண்ணிட்டு வாங்கன்னு போட்டிருப்பான், அந்த வரிய எவனும் படிக்கறதில்ல. வெறும் காது அழுக்குக்காக டெம்பரரி அன்ஃபிட் (இப்போதைக்கு தகுதியில்ல, திரும்ப காட்டணும்) வாங்கி திரும்ப அலையற பசங்க எவ்வளவு பேரு தெரியுமா, பாக்கவே பாவமா இருக்கும்.

தேங்காண்ணய இன்னைக்கோட நிறுத்து. அம்மா பாசத்துல ஊத்தறாங்க, ஆனா எண்ணெயும் அழுக்கும் சேந்து உள்ள கெட்டியாகும், ஈரம் நின்னு பூஞ்சை கூட வரும். ஊக்கு, கோழி இறகு, தீக்குச்சி, பட்ஸ் எதுவும் உள்ள போகக்கூடாது, குத்தி செவிப்பறையில ஓட்டை விழுந்துட்டா அப்பறம் அழுக்கு பிரச்சனை போய் பெரிய பிரச்சனை ஆயிடும். சேலம் ஜிஹெச்-ல காலையில ஈஎன்டி ஓபி இருக்கு, இல்லன்னா வெளிய ஒரு ஈஎன்டி டாக்டர்கிட்ட போ. பெரும்பாலும் ஒரு சொட்டு மருந்து குடுத்து நாலஞ்சு நாள் விட்டு வரச்சொல்லி அப்பறம் சக்‌ஷன்லயோ தண்ணி அடிச்சோ எடுப்பாங்க. இத ரேலிக்கு முந்தின நாள் பண்ணாத, எடுத்த உடனே காது உள்ள செவந்து போய் இருக்கும், குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடியே முடிச்சுடு.

அடுத்தது கேக்கற திறன். 610 சென்டிமீட்டர் தூரத்துல, அதாவது 20 அடி, உன்ன முதுகு காட்டி நிக்க வச்சு பின்னால இருந்து மெதுவா கிசுகிசுன்னு ஒரு வார்த்தையோ நம்பரோ சொல்லுவாங்க, ஒரு காதை மூடிட்டு மறு காதுல கேட்டு திருப்பி சொல்லணும். உங்க தறி வீட்டுல எல்லாரும் கத்தி தான பேசுவீங்க, கிசுகிசு பேச்சே காதுல விழுந்து பழக்கம் இருக்காது. ஈஎன்டி கிட்ட போறப்பவே ஆடியோமெட்ரி ஒண்ணு எடுத்துப் பாரு, சத்தத்தால நரம்பு பாதிப்பு ஏதாச்சும் இருக்கான்னு அதுல தெரிஞ்சுடும். அப்பறம் ரேலி தேதி வந்ததும் ஒரு வாரம் தறி பக்கமே போகாத. பெரிய சத்தத்துல ரொம்ப நேரம் இருந்தா காது தற்காலிகமா மந்தமாகும், ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு குடுத்தா மீளும், ஆனா வருஷக்கணக்கா அதே சத்தத்துல இருந்தா மீளாம போறதும் உண்டு. வீட்டுல அப்பா அம்மாவுக்கும் காதுல வைக்கற பிளக் வாங்கிக் குடு, மெடிக்கல் கடையில சல்லிசா கிடைக்கும்.

பாதத்துக்கு வேற யாராச்சும் சொல்லுவாங்க, சொல்லலன்னா நான் ராத்திரி வந்து எழுதறேன்.

பல்_டாக்டர்_அஸ்தம்பட்டி:

கடவாப்பல்ல பிடுங்காதீங்க தம்பி!! தயவு செஞ்சு. மெடிக்கல்ல பல்லுக்கு பாயிண்ட் கணக்கு இருக்கு. மேல ஒரு பல்லு, கீழ அதுக்கு நேரா ஒரு பல்லு, ரெண்டும் சேந்து கடிக்கற ஜோடிக்கு தான் பாயிண்ட். முன்பல்லு, கோரைப்பல்லு, அதுக்கு பக்கத்துல இருக்கற சின்ன கடவாப்பல்லு ஜோடிக்கு 1, பெரிய கடவாப்பல்லு ஜோடிக்கு 2. 32 பல்லும் நல்லா இருந்தா மொத்தம் 22, குறைஞ்சது 14 இருக்கணும். நீங்க ஒரு பெரிய கடவாப்பல்ல பிடுங்கினா அதுக்கு எதிர்ல இருக்கற நல்ல பல்லும் ஜோடி இல்லாம கணக்குல இருந்து போயிடும், 2 பாயிண்ட் காலி. ஒரு பல்லுல ஃபெயில் ஆக மாட்டீங்க தான், ஆனா நம்ம பசங்க வலி வர்றப்ப எல்லாம் போய் பிடுங்கி பிடுங்கி 19 வயசுலயே நாலஞ்சு கடவாப்பல்லு இல்லாம வந்து உக்கார்றாங்க, அப்பதான் சிக்கல். சொத்தைய சுத்தம் பண்ணி அடைச்சுக்கலாம், ஆழமா போயிருந்தா ரூட் கேனால் இருக்கு. பிடுங்கறது கடைசி வழி.

அந்த பழுப்பு கோடு ஃப்ளோரைடால வந்தது, எங்க கிளினிக்குக்கு ஓமலூர் பக்கம், தர்மபுரி, பென்னாகரம் பக்கம் இருந்து வர்றவங்கள்ல நிறைய பேருக்கு பாக்கறோம். 8 வயசுக்குள்ள பல்லு உள்ள உருவாகிட்டு இருக்கறப்ப குடிச்ச தண்ணியால வர்றது, இப்ப தண்ணி மாத்தினாலும் கறை போகாது, பாலிஷ் பண்ணாலும் முழுசா போகாது. கறை இருக்கறதால பல்லு இல்லன்னு ஆயிடாது, கடிக்கற நல்ல பல்லுன்னா கணக்குல வரும். கறையோட குழி விழுந்து எனாமல் உதிர்றதா இருந்தா மட்டும் அத அடைச்சுக்கணும். ஸ்கேலிங் (பல்லுல படிஞ்ச காரைய எடுக்கறது) ஒரு தடவ பண்ணிக்கோங்க, ஈறு வீக்கம் ரத்தக்கசிவு இருந்தா ரெண்டு மூணு வாரத்துல அடங்கிடும். பீடி, ஹான்ஸ், பாக்கு பழக்கம் இருந்தா ஈறையும் கன்னத்து உள்பக்கத்தையும் பாத்த உடனே தெரிஞ்சுடும், வாய் சரியா தொறக்க முடியாத அளவுக்கு போன பசங்களையும் பாக்கறேன், மனசு கஷ்டமா இருக்கு. உங்களுக்கு இல்லன்னு நினைக்கறேன், படிக்கற மத்த பசங்களுக்கு சொல்றேன்.

சேர்வராயன்மலை:

ப்ரோ நான் ஏற்காடு, ஃப்ளாட் ஃபுட் பத்தி நான் சொல்றேன், எனக்கும் அதே மாதிரி பாதம் தான், ஃபிட் போட்டாங்க, ட்ரெயினிங் முடிச்சுட்டு இப்ப லீவுல வந்திருக்கேன்.

தரையில முழுசா பதியுதுன்னா உடனே பயப்படாத. குதிகால தூக்கி விரல் நுனியில நில்லு, ஒருத்தர பின்னால இருந்து பாக்கச் சொல்லு. அப்ப உள்பக்கம் வளைவு வந்தா அது வளையற பாதம், வலி இல்லாம, விரல்ல நின்னு குதிக்க ஓட முடிஞ்சா அத ஏத்துக்குவாங்க. விரல்ல நின்னாலும் வளைவே வரல, பாதம் பலகை மாதிரி விறைப்பா இருக்குன்னா தான் பிரச்சனை. என்ன நிக்க வச்சு, விரல்ல நிக்க வச்சு, குதிகால்ல நடக்க வச்சு, உக்காந்து எந்திரிக்க வச்சு, அப்பறம் பாதத்த கையால பிடிச்சு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் திருப்பிப் பாத்தாரு டாக்டர். தினமும் காலையில வெறுங்காலோட மண்ணுல நடக்கறது, தரையில துண்டு போட்டு கால் விரலாலயே சுருட்டி இழுக்கறது, படியில நின்னு குதிகால ஏத்தி இறக்கறது, இதெல்லாம் பண்ணா கால் தசை நல்லா பலமாகும், நான் பண்ணேன். ஆனா எலும்பு அமைப்ப மாத்தும்னு யாராச்சும் சொன்னா நம்பாத.

முட்டி இடிக்கற விஷயத்தையும் அப்படியே பாத்துக்கோ. ரெண்டு முட்டியும் ஒட்டற மாதிரி நேரா நின்னா கணுக்கால் உள் எலும்பு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி 5 சென்டிமீட்டருக்கு மேல போகக்கூடாது, பசங்களுக்கு. இதுக்கு முட்டிக்கு நடுவுல தலகாணி வச்சு கால கயிறு போட்டு கட்டிட்டு தூங்குன்னு யூடியூப்ல சொல்றாங்க, எங்க ஊர்ல ஒரு பையன் அப்படியே பண்ணி ராத்திரி கால் மரத்துப் போய் அழுதுட்டான். வளந்து முடிஞ்ச எலும்பு கயிறு கட்டினா நகராது ப்ரோ. கையும் அப்படித்தான், உள்ளங்கை முன்பக்கம் பாக்கற மாதிரி கைய நீட்டி நிக்க சொல்லி முழங்கைக்கிட்ட வெளிய வளையற கோணத்த பாப்பாங்க, 15 டிகிரிக்குள்ள இருக்கணும்.

பச்சை குத்தினவங்களுக்கு ஒண்ணு, முன்னங்கையோட உள்பக்கம், அதாவது முழங்கைல இருந்து மணிக்கட்டு வரைக்கும், அப்பறம் புறங்கை, இந்த ரெண்டு இடம் தான் அனுமதி. பழங்குடி வழக்கப்படி குத்தினதுக்கு தளர்வு இருக்கு, எங்க மலையாளி பழங்குடி பசங்க சாதி சான்றிதழோட எல்லா பேப்பரும் சரியா கொண்டு போகணும். புதுசா தோள்ல நெஞ்சுல எதையும் குத்திக்காதீங்க, ஆர்மி போற ஆசையில ஆர்மி டாட்டூவையே குத்திட்டு வந்து நிக்கறவங்க இருக்காங்க.

இன்னொண்ணு, சேலம் பசங்க நிறைய பேரு ஸ்டாமினாவுக்குன்னு ஞாயித்துக்கிழமை ஏற்காடு ரோட்டுல ஓடறாங்க. ஏறி ஓடறது நல்லது தான், எறக்கத்துல ஓடாதீங்க. 20 கொண்டை ஊசி வளைவு தார் ரோட்டுல எறங்கி ஓடினா ஒவ்வொரு அடிக்கும் முழு எடையும் முட்டியிலயும் முன்னங்கால் எலும்புலயும் விழும், ஷின் வலி வந்தா மாசக்கணக்குல போகாது, அதோட மெடிக்கல் போனா கால் எலும்ப அமுக்கறப்பவே முகம் சுளிச்சுடுவீங்க. ஏறி ஓடுங்க, எறங்கறதுக்கு பஸ் பிடிச்சுக்கோங்க. மத்த நாள் காந்தி ஸ்டேடியத்துலயோ ஊர் கிரவுண்டுலயோ மண் தரையில ஓடுங்க.

தறிவீட்டுப்பையன்:

அண்ணா எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இப்பவே விரல்ல நின்னு பாத்தேன், தங்கச்சி பின்னால இருந்து ஃபோட்டோ எடுத்தா, வளைவு வருது!! அப்பாகிட்டயும் கடன் வேண்டாம்னு சொல்லிட்டேன். இன்னும் ரெண்டு கேள்வி. நெஞ்சளவு 77 இருக்கு ஆனா மூச்சு இழுத்தா 81 தான் வருது, 5 சென்டிமீட்டர் விரியணும்ல. அப்பறம் பக்கத்து மெடிக்கல் கடையில பிபி பாத்தா 146/88 வந்துச்சு, வீட்டுல யாருக்கும் பிபி கிடையாது. இதுக்கு மாத்திரை போட்டுட்டு போகலாமா?

ஆத்தூர்_முன்னாள்வீரர்:

மாத்திரை வேண்டாம் தம்பி. 140/90 தாண்டக்கூடாதுன்னு தான் பாப்பாங்க, ஆனா உனக்கு வந்தது பெரும்பாலும் பதட்டத்துல வந்தது, ஓடிட்டு வந்து நேரா மெடிக்கல் கடையில கைய நீட்டியிருப்ப. 10 நிமிஷம் சும்மா உக்காந்து, கால தொங்கப் போட்டு ஆட்டாம, பேசாம இருந்துட்டு காலையில ஒரு தடவ சாயந்தரம் ஒரு தடவன்னு சில நாள் பாத்து எழுதி வை. உக்காந்து ஓய்வா பாத்தும் தொடர்ந்து கூடவே இருந்தா கட்டாயம் ஜெனரல் டாக்டர்கிட்ட காட்டணும், 19 வயசுல பிபி இருந்தா அதுக்கு ஏதாச்சும் காரணம் இருக்கும், கிட்னி தைராய்டு எல்லாம் பாப்பாங்க. அது உன் உடம்புக்காக, ஆர்மிக்காக மட்டும் இல்ல.

ரேலி வாரத்துல எனர்ஜி டிரிங்க், ஜிம் பவுடர், ஸ்ட்ராங் காபி எல்லாம் நிறுத்திடு. சளி புடிச்சா கடையில கேட்டு வாங்கற சளி மாத்திரையும் வேண்டாம், மூக்கடைப்பு விடறதுக்கு போடற மருந்து சிலது பிபியயும் நாடித்துடிப்பையும் ஏத்தி விடும், ஆவி புடி போதும். ஓட்டத்துக்கு ஊசி போட்டுக்கறேன்னு கிரவுண்டுல யாராச்சும் சொன்னா அவன் பக்கத்துலயே நிக்காத, ஊக்க மருந்து தெரிஞ்சா ரேலியிலயே வெளிய அனுப்பிடுவாங்க.

நெஞ்சு விரியறதுக்கு பாதி பயிற்சி, பாதி அளக்கறப்ப எப்படி நிக்கறங்கறது. நிறைய பேரு தோள தூக்குவாங்க, தோள தூக்கினா நெஞ்சு விரியாது. டேப்பு சுத்தினதும் முதல்ல காத்து முழுசும் வெளிய விடு, தோள தளர்த்தி வை, அப்பறம் விலா எலும்பு பக்கவாட்டுல விரியற மாதிரி இழு, வயித்த தள்ளாத. கண்ணாடி முன்னாடி நின்னு தினமும் தையல் டேப்ப வச்சு பழகு. நீச்சல் தெரிஞ்சா கிணத்துல நீச்சல் அடி, அதுக்கு மிஞ்சின பயிற்சி கிடையாது, ஆனா காது சுத்தம் பண்ணினதுக்கு அப்பறம் டாக்டர் சொல்ற வரைக்கும் தண்ணியில தலைய முக்காத. ஒரு சென்டிமீட்டர் தான குறையுது, வந்துடும்.

உயரம் 166 இருக்கான்னு காலையில எந்திரிச்சு பாரு, சாயந்தரம் கொஞ்சம் குறைஞ்சு தான் காட்டும். எஸ்எஸ்சி ஜிடியும் (துணை ராணுவ கான்ஸ்டபிள் தேர்வு) எழுதறவங்களுக்கு அங்க 170 உயரம், நெஞ்சு 80 விரிஞ்சா 85, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

மேச்சேரி_அம்மா:

கண்ணு, எல்லாரும் காது பல்லுன்னு சொல்லிட்டாங்க, யாரும் சொல்லாத ஒண்ண நான் சொல்றேன், நான் ஒரு பையனோட அம்மா, வெக்கப்பட்டா நடக்காது. மெடிக்கல்ல துணியெல்லாம் கழட்டி தான் பாப்பாங்க. இரும சொல்லி குடலிறக்கம் இருக்கான்னு பாப்பாங்க, குனிய வச்சு மூலம் இருக்கான்னு பாப்பாங்க, விதைப்பை வீக்கம், அங்க நரம்பு சுருட்டிட்டு இருக்கறது எல்லாம் பாப்பாங்க. என் பையனுக்கு இடது பக்கம் நரம்பு புழு மாதிரி சுருண்டு இருந்துச்சு, வேரிகோசில்னு சொன்னாங்க, வலி இல்லாததால அவனுக்கே தெரியல, தெரிஞ்சும் அப்பாகிட்ட சொல்ல கூச்சம். மெடிக்கல்ல நிப்பாட்டினதும் வீட்டுக்கு வந்து மூணு நாள் சோறு திங்காம படுத்திருந்தான். உங்க தெரு அண்ணனும் இதனால தான் வாய் தொறக்கலையோ என்னமோ. அந்த பையன யாரும் துருவி துருவி கேக்காதீங்க சாமி.

நீ இப்பவே ஒரு சர்ஜன்கிட்ட தனியா போய் முழுசா காட்டிடு, கூட அப்பா வேண்டாம்னா ஃப்ரெண்ட கூட்டிட்டு போ. ஆபரேஷன் பண்ணணும்னா பண்ணி ஆறி, அவங்க சொல்ற இடைவெளி முடிஞ்சா தான் திரும்ப பாப்பாங்க, அதனால தேதி நெருங்கறப்ப தெரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. என் பையன் ஆபரேஷன் முடிச்சு இப்ப திரும்ப ரெடியாகிட்டு இருக்கான், வயசு இன்னும் இருக்கு.

ராகி களி, கொள்ளு, முருங்கக்கீரை, முட்டை நல்லா சாப்புடு. பட்டினி கெடந்து எடை குறைக்காத.

ஓமலூர்_ஜிடி_பேட்ச்:

அண்ணா நடுவுல ஒரு சந்தேகம், என் ஃப்ரெண்டுக்கு போன ரேலியில மூக்கு எலும்பு வளைஞ்சிருக்குன்னு டெம்பரரி அன்ஃபிட் போட்டு ஒரு பேப்பர் குடுத்து மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு போக சொன்னாங்க, அவன் எப்படியும் ரிஜெக்ட் தானன்னு போகவே இல்ல. போயிருந்தா என்ன ஆயிருக்கும்?

ஆத்தூர்_முன்னாள்வீரர்:

ஸ்பெஷலிஸ்ட் பாத்திருப்பாரு. ரேலியில பாக்கறவரு பொதுவான டாக்டர், சந்தேகம்னா மேல அனுப்புவாரு. எல்லார் மூக்கும் கொஞ்சம் வளைஞ்சு தான் இருக்கும், ரெண்டு பக்கமும் காத்து தாராளமா போகுதா, அடைப்பு இருக்கா, சைனஸ் இருக்கான்னு தான் அங்க பாப்பாங்க. சரியா இருந்தா ஃபிட் போட்டுடுவாங்க. ரேலியில அன்ஃபிட் வாங்கி ரிவ்யூல ஃபிட் ஆனவங்கள நான் நிறைய பாத்திருக்கேன், அதனால போகாம விடறது தான் பெரிய நஷ்டம்.

பேப்பர்ல எந்த ஆஸ்பத்திரி, எத்தன நாளுக்குள்ளன்னு எழுதியிருக்கும். அந்த நாள் தாண்டினா கேஸ் முடிஞ்சுது, சேலத்துல இருந்து ராத்திரி ட்ரெயின் புடிச்சாவது போயிடணும். ஒரிஜினல் பேப்பர பத்திரமா வச்சு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க, அட்மிட் கார்டு, ஆதார், ஃபோட்டோ கையோட இருக்கட்டும். முன்னாடி ஏதாச்சும் ஆபரேஷன் பண்ணியிருந்தா டிஸ்சார்ஜ் சம்மரியும் எடுத்துட்டு போங்க, கேட்டா மறைக்காதீங்க, தழும்ப பாத்ததுமே டாக்டருக்கு தெரிஞ்சுடும்.

கலர் டெஸ்டுக்கு மட்டும் ஒண்ணு சொல்லிடறேன், புள்ளி புள்ளியா இருக்கற அட்டையில நம்பர் படிக்கறது. அந்த அட்டைய மனப்பாடம் பண்ணிக்கோன்னு சொல்லி விக்கறாங்க, அதுக்கு காசு குடுக்காதீங்க, வரிசைய மாத்தி தான் காட்டுவாங்க. நிறக்குறைபாடு பிறவியிலயே வர்றது, மருந்து கிடையாது. ஒரு கண் டாக்டர்கிட்ட முன்னாடியே பாத்துக்கோங்க, ஒவ்வொரு கண்ணுலயும் 6/6 தெரியுதான்னும் அங்கயே பாத்துடலாம்.

தறிவீட்டுப்பையன்:

நாளைக்கு காலையில ஜிஹெச் ஈஎன்டி ஓபிக்கு போறேங்க, ஆடியோமெட்ரியும் கேக்கறேன். மேச்சேரி அம்மா சொன்னதுக்கு சர்ஜன் ஓபியும் அதே நாள்ல பாத்துட்டு வந்துடறேன், கூட மாமா பையன் வர்றான். அந்த ஆபரேஷன் பேப்பர் விஷயம், எனக்கு ஏழாவது படிக்கறப்ப அப்பெண்டிக்ஸ் எடுத்தாங்க, தழும்பு இருக்கு, ஆஸ்பத்திரி சீட்டு தொலைஞ்சு போச்சு, அதுக்கு என்ன பண்றதுங்க?

ஆத்தூர்_முன்னாள்வீரர்:

எந்த ஆஸ்பத்திரியோ அங்க ரெக்கார்டு ரூம்ல பேரு, வருஷம் சொல்லி டிஸ்சார்ஜ் காப்பி கேளு, அப்பா கூட போகட்டும். கிடைக்கலன்னா நாளைக்கு பாக்கற சர்ஜன்கிட்டயே தழும்ப காட்டி, ஆறிடுச்சு, குடலிறக்கம் இல்லன்னு எழுதி வாங்கிக்கோ. ஏழாவதுல பண்ணது, நல்லா ஆறியிருந்தா கவலைப்படற விஷயம் இல்ல. ஈஎன்டி என்ன சொன்னாங்கன்னு நாளைக்கு வந்து இங்க போடு தம்பி.